போரோமிரின் 110 நாள்கள்: மிடில்-எர்த் ரசிகர் புனைவுச் சமூகத்தில் இணைவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டோல்கீன் படைத்த மிடில்-எர்த் உலகில், கோண்டோர் நாட்டு ஆட்சியாளரின் மூத்த மகன் போரோமிர் ஒரு கனவின் பொருளைத் தேடித் தன்னந்தனியாக 110 நாள்கள் பயணம் செய்து ரிவெண்டெல் வந்து சேர்கிறான். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் அந்தப் பயணத்துக்குக் கிடைத்த இடம் சில வரிகள்தான். தார்பாட் என்ற பாழடைந்த ஊரில் ஆற்றைக் கடக்கும்போது குதிரையை இழந்ததாக அவன் ஓரிடத்தில் சொல்கிறான். நாங்கள் இரவலாகக் கொடுத்த குதிரை ஆளில்லாமல் திரும்பி வந்தது என்று ரோஹன் நாட்டு எயோமர் பல அத்தியாயங்கள் கழித்துச் சொல்கிறான். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்டு, அதற்குக் கதையாகவே விடை எழுதி, அதே கேள்வி தம் மனத்திலும் கிடப்பவர்களிடம் அதைப் படிக்கக் கொடுப்பவர்களின் கூட்டத்தைத்தான் ரசிகர் புனைவுச் சமூகம் என்கிறோம்.

அகலிகையின் கதையைத் தம் போக்கில் திரும்ப எழுதிய தமிழ்ச் சிறுகதையாசிரியர்களைப் படித்தவருக்கு இந்த உந்துதலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இங்கே வேறுபடுபவை இரண்டு. மூலநூலின் பதிப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது. எழுதுகிறவரும் தனியாளாக எழுதுவதில்லை. 1960-ல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய ‘ஐ பாலன்டீர்’ என்ற ரசிகர் இதழிலேயே மிடில்-எர்த் சார்ந்த புனைவு இடம்பெற்றது என்பதால், இந்தக் கூட்டத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கவழக்கங்களும் சொல்வழக்கும் மனத்தாங்கல்களும் உண்டு. புதிதாக வருகிறவர் அவற்றை ஓரளவு தெரிந்துகொண்டு வருவது நல்லது.

டோல்கீன் இதைப் பற்றி என்ன நினைத்தார் என்ற கேள்வி அடிக்கடி எழும். அவர் இரண்டு விதமாகவும் பேசியிருக்கிறார். 1951 வாக்கில் மில்டன் வால்ட்மன் என்ற பதிப்பாளருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், தம் தொன்மக் கதைகளில் சிலவற்றை முழுமையாக எழுதி, பலவற்றை வெறும் கோட்டுருவாக விட்டு, ஓவியமும் இசையும் நாடகமும் கைவந்த வேறு மனங்களுக்கும் கைகளுக்கும் இடம் வைக்க விரும்பியதாகக் குறிப்பிட்டு, அடுத்த சொல்லிலேயே அந்த விருப்பத்தை அபத்தம் என்றும் சொல்லிவிடுகிறார். 1966-ல் தம் நாவலுக்குத் தொடர்ச்சி எழுத முனைந்த ஒரு வாசகரைப் பற்றித் தம் பதிப்பகத்தில் பணியாற்றியவருக்கு எழுதியபோது, அந்த இளைஞரைக் கழுதை என்றே எழுதினார். ரசிகர்கள் முதல் கடிதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வதே நேர்மை.

முதல் படி: எந்த மிடில்-எர்த் என்று முடிவு செய்தல்

ஒரே பெயரில் பல உலகங்கள் இருக்கின்றன. 1937-ல் வந்த ‘தி ஹாபிட்’, 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, ஆசிரியர் 1973-ல் மறைந்த பிறகு அவருடைய மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-ல் வெளியிட்ட ‘தி சில்மரில்லியன்’, பிறகு 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாக வந்த வரைவுகளின் வரலாறு ஆகியவை ஒரு பக்கம். 2001 முதல் 2003 வரை வந்த திரைப்படங்கள் இன்னொரு பக்கம். 2022-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் வேறொரு பக்கம். தீய மோதிரத்தைச் சுமந்து செல்லும், ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோ காயமுற்றபோது, அவனை மீட்டு ஆற்றைக் கடக்க வைக்கக் குதிரை கொடுப்பவர் நாவலில் எல்ஃப் என்ற அழியா இனத்தவரான குளோர்ஃபின்டெல். படத்தில் அவனைச் சுமந்து செல்பவள் ஆர்வென் என்ற எல்ஃப் பெண். போரோமிரின் தம்பி ஃபராமிர் நாவலில் மோதிரத்தின் கவர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் விலகுகிறான். படத்தின் ஃபராமிர் ஃப்ரோடோவைக் கைதியாகவே இழுத்துச் செல்கிறான். ஆகவே எதைச் சார்ந்து எழுதுகிறீர்கள் என்பதை உங்களுக்கு நீங்களே தெளிவாகச் சொல்லிக்கொண்ட பிறகே பேனாவைத் திறக்க வேண்டும். களஞ்சியங்களிலும் நாவலுக்கும் படத்துக்கும் தொடருக்கும் தனித்தனி வகைகள்தான் இருக்கின்றன.

மூலநூலில் உள்ளதை ரசிகர்கள் கேனன் என்பார்கள். மூலநூலில் இல்லாமல் ரசிகர்களிடையே வழக்கமாகிப் போனது ஃபேனன். ஒருவர் தமக்குள் மட்டும் வைத்திருக்கும் நம்பிக்கை ஹெட்கேனன். பிற ரசிகர் வட்டங்களில் இந்த எல்லைகள் ஓரளவு தெளிவாக இருக்கும். டோல்கீன் வட்டத்தில் கேனனே வழுக்கும். நோல்டோர் என்ற எல்ஃப் குலத்தின் கடைசி அரசன் கில்-காலாட் யாருடைய மகன் என்று பாருங்கள். 1977 நூலின்படி ஃபிங்கோனின் மகன். ஆனால் அப்படி அச்சிட்டது தம் தவறு என்றும், ஒரோட்ரெத்தின் மகன் என்பதே தந்தையின் கடைசி முடிவு என்றும் கிறிஸ்டோபர் 1996-ல் வந்த தொகுதியில் ஒப்புக்கொள்கிறார். இரண்டில் எதை எடுத்துக்கொண்டு எழுதினாலும் தவறில்லை. எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பதைக் கதைக்கு முன்குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் விட்டால் கதையைப் பற்றிப் பேச வந்தவர்கள் வம்சாவளியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவார்கள்.

புதியவர் 12 தொகுதிகளையும் படித்து முடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. படித்தவரைக்கும் கவனமாகப் படித்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலையும் அதன் பின்னிணைப்புகளையும் மட்டும் நன்றாகப் படித்தவரால் வாழ்நாள் முழுவதற்கும் போதுமான கதைகளை எழுத முடியும்.

இரண்டாம் படி: வாசகராகச் சில வாரங்கள்

இன்று ஏராளமான ரசிகர் புனைவுகள் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற களஞ்சியத்தில் உள்ளன. ரசிகர்கள் அதை ஏஓ3 என்று சுருக்கிச் சொல்வார்கள். 2007-ல் ரசிகர்களே தொடங்கிய ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் ஒர்க்ஸ்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது. 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2019-ல் ஹ்யூகோ விருது பெற்றது. விளம்பரம் கிடையாது. நன்கொடையிலும் தொண்டர்களின் உழைப்பிலும் ஓடுகிறது. நீங்கள் அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று அது முடிவு செய்வதில்லை என்பதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கதைகள் புதுப்பிக்கப்பட்ட நாள் வரிசையில் நிற்கும். தேடுவதும் வடிகட்டுவதும் வாசகரின் வேலை. இதைத் தவிர, டோல்கீனுக்கென்றே உள்ள வட்டங்களும் உண்டு. சில்மரில்லியனை மையமாகக் கொண்டு 2005-ல் தொடங்கிய ‘சில்மரில்லியன் ரைட்டர்ஸ் கில்ட்’ அவற்றில் குறிப்பிடத்தக்கது. அங்கே கதைகளோடு பாத்திரங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளும் கிடைக்கும்.

படிப்பதற்குக் கணக்கு தேவையில்லை. போரோமிர் என்ற பாத்திரப் பெயரைத் தேர்ந்தெடுத்து, முடிவுற்ற கதைகளை மட்டும், பத்தாயிரம் சொற்களுக்குட்பட்டவற்றை மட்டும் என்று வடிகட்டிப் பத்துப் பதினைந்து கதைகளைப் படியுங்கள். எது ஏற்கெனவே பலமுறை எழுதப்பட்டது, எதை யாரும் தொடவில்லை, எந்த ஃபேனன் எங்கும் தலைகாட்டுகிறது என்பதெல்லாம் இந்த வாசிப்பில்தான் பிடிபடும். எடுத்துக்காட்டாக, ரிவெண்டெல்லின் தலைவர் எல்ரோண்டும் அவருடைய இரட்டைச் சகோதரரும் சிறுவயதில் மாக்லோர் என்ற எல்ஃப் இளவரசனிடம் வளர்ந்தார்கள் என்பதற்கு நூலில் சில வரிகள்தான் ஆதாரம். ரசிகர்கள் அதிலிருந்து ஒரு முழுக் குடும்பச் சித்திரத்தையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அது நூலில் இருப்பதாகவே நம்புகிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: முதலில் கருத்துரை, பிறகு கதை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள். இங்கே எழுதுகிறவருக்குக் கூலி கிடையாது. வாசகரின் கருத்துரைதான் கூலி. ஏஓ3-ல் குடோஸ் என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துவது கைதட்டுவதற்குச் சமம், ஒரு கதைக்கு ஒருமுறைதான் அழுத்த முடியும். ஆனால் “தார்பாட்டில் அவன் சேணத்தை மட்டும் சுமந்துகொண்டு நடக்கும் பத்தியில் நின்றுவிட்டேன்” என்று ஒரு வாசகர் எழுதும் வரி நூறு குடோஸ்களைவிட எடை கூடியது. கதையில் குறிப்பான ஓர் இடத்தைச் சுட்டி, அது உங்களுக்குள் என்ன செய்தது என்று இரண்டு வாக்கியம் எழுதினால் போதும். தமிழில் எழுதத் தோன்றினால், எழுதியவருக்குத் தமிழ் தெரியாதபோது ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை சில. அடுத்த அத்தியாயம் எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவதை எழுத்தாளர்கள் தவணை கேட்டு வாசலில் நிற்பதைப் போல உணர்கிறார்கள். எழுதியவர் கேட்காமல் குறைகளைப் பட்டியலிடுவது இந்தச் சமூகத்தில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. இலக்கியச் சிற்றிதழ் மரபில் வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகப் படலாம். ஒரு படைப்பை வெளியிட்டவர் விமர்சனத்தை ஏற்க வேண்டாமா என்று எனக்கும் தொடக்கத்தில் தோன்றியது. ஆனால் இது புத்தகச் சந்தை அன்று. ஒருவர் தம் வீட்டில் சமைத்து அழைத்து இலை போட்டிருக்கிறார். உப்பு எப்படி என்று அவரே கேட்டால் சொல்லலாம். உங்களுக்கு ஒவ்வாத காதல் இணையைப் பற்றிய கதையைப் படிக்கப் போய் அங்கே சண்டையிடுவது எல்லாவற்றிலும் மோசமானது. பிடிக்கவில்லையென்றால் மூடிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது இந்த வட்டத்தின் மிகப் பழைய விதிகளில் ஒன்று.

நான்காம் படி: புனைபெயரும் கணக்கும்

ஏஓ3-ல் கணக்குத் தொடங்க மின்னஞ்சலைக் கொடுத்து அழைப்புக்காக வரிசையில் காத்திருக்க வேண்டும்; 13 வயது நிறைந்திருக்க வேண்டும். இயற்பெயரைப் பயன்படுத்தாதீர்கள். இந்த உலகமே புனைபெயரில்தான் இயங்குகிறது. பத்து ஆண்டுகள் பழகியவர்கள்கூட ஒருவர் மற்றவரின் இயற்பெயரை அறியாமல் இருப்பது இயல்பு. தற்செயலாகத் தெரிய வந்தாலும் பொதுவில் சொல்வது பெரும் துரோகமாகக் கருதப்படும்.

ஐந்தாம் படி: இடைவெளியைக் கண்டுபிடித்து அதன் வரப்புகளை அளத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் பெரிய கதையில் இறங்கிவிடுவார்கள். மோதிரத்தோடு புறப்பட்ட ஒன்பது பேருடன் பத்தாவதாக ஒரு சொந்தப் பாத்திரத்தைச் சேர்த்து, நாவல் முழுவதையும் திரும்ப எழுதத் தொடங்குவது அதில் ஒருவகை. அது இழிவானதல்ல, பலர் அப்படித்தான் எழுதப் பழகினார்கள். ஆனால் பத்தாவது பயணியை வைத்துத் தொடங்கப்பட்ட கதைகளில் மோரியாச் சுரங்கத்தைத் தாண்டி வந்தவை குறைவு என்பது என் வாசக அனுபவம். அதைவிடச் சிறிய இடைவெளி ஒன்றைப் பிடித்துக்கொள்வது மேல். ஃப்ரோடோவின் உறவினர் பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ வீட்டை விட்டுக் கிளம்புவதற்கும் இடையில் 17 ஆண்டுகள் ஓடுகின்றன. மந்திரவாதி காண்டால்ஃபை இழந்த எட்டுப் பேர் எல்ஃப்களின் காடான லோத்லோரியனில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்குகிறார்கள். நாவல் அதில் சில நாள்களையே காட்டுகிறது. மரங்களை மேய்க்கும் என்ட்களின் மனைவியர் எங்கே போனார்கள் என்பதற்கு விடையே இல்லை. கிழக்கே போன இரண்டு நீல மந்திரவாதிகளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத குறிப்புகள்தான் உள்ளன. இப்படிப்பட்ட இடைவெளிகளை நிரப்பும் கதையை கேப்ஃபில்லர் என்பார்கள். முதல் கதைக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

இனி போரோமிருக்கு வருவோம். இடைவெளியைத் தேர்ந்த பிறகு, அதைச் சுற்றி மூலநூல் என்னென்ன வரப்புகளைக் கட்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கனவு ஃபராமிருக்குப் பலமுறை வந்தது. போரோமிருக்கு ஒரே ஒருமுறை வந்தது. கோண்டோரின் ஆஸ்கிலியாத் நகர் மீது எதிரி தாக்கிய நாள் மிடில்-எர்த்தின் மூன்றாம் யுகம் 3018-ஆம் ஆண்டு ஜூன் 20. போரோமிர் கோண்டோரின் தலைநகர் மினாஸ் டிரித்திலிருந்து கிளம்பியது ஜூலை 4. ரிவெண்டெல் வந்து சேர்ந்தது அக்டோபர் 24 இரவு. தந்தை அனுமதி கொடுக்கத் தயங்கினார். தூரம் 400 லீக் என்று அவனே கணக்கிட்டிருக்கிறான். லீக் ஒன்றுக்கு மூன்று மைல் என்று கொண்டால் 1,200 மைல். எல்ரோண்டின் இல்லத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பலர், இருக்குமிடம் அறிந்தவர்கள் சிலரே என்பதால் வழி கேட்டுக் கேட்டு அலைந்திருக்கிறான். தார்பாட்டில் இழந்த குதிரையும் ரோஹனுக்குத் திரும்பிய குதிரையும் ஒன்றுதான் என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம்; நூல் அதை நேராகச் சொல்லவில்லை. இப்படி, சொல்லப்பட்டது எது, நாம் ஊகித்தது எது என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுவது மிகவும் உதவும். ஊகத்தின் பத்தியில்தான் உங்கள் கதைக்கு வேண்டிய சுதந்திரம் இருக்கிறது.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதல் கதையை நாள்குறிப்பு வடிவில், நாள் எண்ணோடு எழுதியிருந்தேன். ஜூலை 4 முதல் அக்டோபர் 24 வரை நம் நாட்காட்டியில் எண்ணினால் 112 நாள்கள் வருகின்றன. நாவலிலோ போரோமிர் தெளிவாக 110 என்கிறான். அவன் தோராயமாகச் சொல்கிறான் என்று எண்ணி, என் கணக்கையே வைத்துவிட்டேன். பின்னிணைப்பில் உள்ள தேதிகள் எல்லாம் ஹாபிட்களின் நாடான ஷையரின் நாட்காட்டிப்படி தரப்பட்டவை என்பதும், அதில் ஒவ்வொரு மாதத்துக்கும் சரியாக 30 நாள்கள்தான் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கணக்குப்படி மூன்று மாதமும் இருபது நாளும் சேர்ந்து துல்லியமாக 110. எயோமர் குதிரையைப் பற்றிச் சொல்லும் நாளுக்குரிய தேதி பிப்ரவரி 30 என்பதைப் பார்த்திருந்தாலாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆசிரியரை ஊகத்தால் திருத்த முற்படும் முன் பின்னிணைப்பை இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

வேண்டுமென்றே மூலத்திலிருந்து விலகுவது வேறு. போரோமிர் இறக்காமல் பிழைத்திருந்தால் என்று தொடங்கும் கதையை மாற்று உலகம் என்ற பொருளில் ஏயூ என்பார்கள். அதற்கும் பெரிய வாசகர் கூட்டம் உண்டு. அங்கேயும் எந்தப் புள்ளியில் பாதை பிரிகிறது என்பது எழுதுகிறவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: மொழியும் பெயர்களும்

டோல்கீன் அடிப்படையில் மொழியறிஞர் என்பதால், அவருடைய ரசிகர்கள் பெயர்களில் மிகுந்த கவனம் உள்ளவர்கள். ஒரே பாத்திரத்துக்குப் பல பெயர்கள் உண்டு. மெய்த்ரோஸ் என்று சிந்தரின் என்ற எல்ஃப் மொழியில் அறியப்படுகிற எல்ஃப் இளவரசனுக்குக் குவென்யா என்ற இன்னோர் எல்ஃப் மொழியில் தந்தை இட்ட பெயர் நெல்யஃபின்வெ. தாய் இட்ட பெயர் மைட்டிமோ. எந்தக் காலத்தில், யார் வாயால், எந்தப் பெயர் வருகிறது என்பதே ஒரு கதைசொல்லும் கருவி. எல்ஃப் மொழிச் சொற்களை நீங்களாக உருவாக்க முயலாமல், ‘எல்டாமோ’, ‘பார்ஃப் எதெல்லென்’ போன்ற அகராதிகளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு எல்ஃப் சொற்கள் இருந்தால் மூன்றை எடுத்துவிடலாம்.

தமிழில் எழுத விரும்புகிறவர்களுக்கு இங்கே எதிர்பாராத ஒரு வாய்ப்பு இருக்கிறது. களஞ்சியத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. நாவலின் கடைசிப் பின்னிணைப்பில் டோல்கீன் ஒரு செய்தி சொல்கிறார்: அந்த உலகின் பொதுமொழியில் முன்னிலையில் நெருக்கத்துக்கு ஒரு வடிவமும் மரியாதைக்கு ஒரு வடிவமும் தனித்தனியே இருந்தன, ஷையரின் பேச்சுவழக்கில் மரியாதை வடிவம் மறைந்துவிட்டது, ஆகவே ஹாபிட் பிப்பின் மினாஸ் டிரித்துக்குப் போன புதிதில் ஆட்சியாளர் டெனதோர் உட்பட எல்லோரையும் நெருக்க வடிவத்திலேயே அழைத்தான், முதியவருக்கு அது வேடிக்கையாக இருந்தது, பணியாளர்களுக்கோ திகைப்பு, இவன் தன் நாட்டில் பெரிய இளவரசனாக இருப்பான் என்ற வதந்தி பரவ அதுவும் காரணம். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியவில்லை என்று அவர் குறைப்படுகிறார். தமிழிலோ அது கையில் இருக்கிறது. டெனதோரின் முன் நிற்கும் சிறு உருவம் “நீ” என்று வாய் திறந்தால் மண்டபம் முழுவதும் உறைந்துபோவதை நாம் ஒரே எழுத்தில் காட்டிவிடலாம். ஷையரின் கிராமத்தாரிடையே, குறிப்பாக மேற்குப் பகுதியில், மட்டும் மரியாதை வடிவம் செல்லம் கொஞ்சும் சொல்லாகத் தங்கிவிட்டது என்றும் அதே குறிப்பு கூறுகிறது. கைக்குழந்தையை “வாங்க, சாப்பிடுங்க” என்று கொஞ்சுகிற வீட்டில் வளர்ந்தவருக்கு அதன் சுவை தானாகவே தெரியும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். சரியாக 100 சொற்களில் எழுதப்படும் கதையை டிராபிள் என்பார்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது டிராபிள் அன்று. புதியவருக்கு மிக நல்ல பயிற்சி. வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில், ஆங்கிலத்தில் நுழையாத அளவுக்குச் செய்தி அந்த நூறு சொற்களில் நுழையும். இதில் நமக்குச் சற்று அநியாயமான ஆதாயம்தான்.

ஏழாம் படி: பீட்டா

வெளியிடும் முன் கதையைப் படித்துத் திருத்தம் சொல்பவரை பீட்டா என்று அழைப்பார்கள். கேட்கும்போது என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: எழுத்துப் பிழை மட்டுமா, நாள் கணக்கும் வம்சாவளியும் சரிதானா என்றா, அல்லது கதை எங்கே தொய்கிறது என்றா. மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒருவரே மூன்றிலும் வல்லவராக இருப்பது அரிது. அவருக்குக் குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள். எல்லாத் திருத்தங்களையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நன்றிக்குறிப்பில் பெயரைச் சேர்க்காமல் விடுவது மிகத் தவறு.

எட்டாம் படி: வெளியிடுதல்

களஞ்சியத்தின் எழுதும் பெட்டியில் நேரடியாக எழுதாதீர்கள். வெளியிடப்படாத வரைவுகள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும். வேறோர் இடத்தில் எழுதி, பிரதி வைத்துக்கொண்டு, இங்கே ஒட்டுங்கள்.

பிறகு தகவல்களை நிரப்ப வேண்டும். தரநிலை என்பது எல்லோருக்கும் உரியதா, பதின்வயதினர் முதலா, முதிர்ந்தவர்களுக்கா, வெளிப்படையான பாலியல் அல்லது வன்முறை உள்ளதா என்பதைக் காட்டும். எச்சரிக்கைகளில் விரிவான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, வயதுக்கு வராதோர் தொடர்பான பாலியல் உள்ளடக்கம் ஆகிய நான்கும் கட்டாயமாகக் கவனிக்க வேண்டியவை. கதையின் திருப்பத்தை மறைக்க விரும்பினால் எச்சரிக்கை தரவில்லை என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதைப் பார்த்து உள்ளே வரும் வாசகர் எதற்கும் தயாராக வருகிறார் என்று பொருள். நான்கில் ஒன்று இருக்கும்போது எதுவும் இல்லை என்று குறிப்பதுதான் குற்றம்.

உறவுக் குறிச்சொல்லில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு பெயர்களுக்கு இடையில் சாய்கோடு இட்டால் அவர்களிடையே காதலோ பாலுறவோ உள்ளது என்று பொருள். உம்மைக் குறியான ஆம்பர்சாண்ட் இட்டால் நட்பு, குடும்பம் முதலிய பிற உறவு என்று பொருள். போரோமிரையும் ஃபராமிரையும் பற்றிய சகோதரப் பாசக் கதைக்குத் தவறிப்போய்ச் சாய்கோடு போட்டவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மற்றபடி குறிச்சொற்களை நீங்கள் விரும்பியபடி எழுதலாம்; மெய்த்ரோஸ் என்று எழுதினாலும் மைட்டிமோ என்று எழுதினாலும் ஒரே தேடலில் வருமாறு பின்னணியில் தொண்டர்கள் அவற்றை இணைத்துவைப்பார்கள். மொத்தம் 75 வரை அனுமதி உண்டு. பதினைந்தைத் தாண்டினாலே கண் வலிக்கும். சுருக்கத்தில் “எனக்குச் சுருக்கம் எழுத வராது” என்று எழுதாதீர்கள். கதையின் நல்ல இரண்டு வரிகளை எடுத்துப் போடுங்கள், போதும்.

ஒன்பதாம் படி: கூட்டு நிகழ்வுகளில் சேர்தல்

தனியாகக் கதை வெளியிட்டுக்கொண்டிருப்பவர் சமூகத்தின் விளிம்பிலேயே நிற்பார். நிகழ்வுகளில் சேரும்போதுதான் முகங்கள் பழக்கமாகின்றன. மோதிரம் அழிந்த நாள் மார்ச் 25 என்பதால், டோல்கீன் சங்கம் 2003 முதல் அந்நாளை வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. ரசிகர் எழுத்தாளர்களும் மார்ச் மாதத்தை ‘பேக் டு மிடில்-எர்த் மந்த்’ என்று கொண்டாடி வந்திருக்கிறார்கள். சில்மரில்லியன் கில்ட் மாதந்தோறும் ஒரு தூண்டுதல் தருகிறது. ‘டோல்கீன் ரிவர்ஸ் சம்மர் பேங்’ நிகழ்வில் ஓவியர்கள் முதலில் வரைந்து வைக்க, எழுத்தாளர்கள் தமக்குப் பிடித்த ஓவியத்தைக் கேட்டு வாங்கி அதற்குக் கதை எழுதுகிறார்கள். ரசிகர் கூட்டம் சிறிதாக உள்ள படைப்புகளுக்கான பரிசுப் பரிமாற்றமான ‘யூல்டைட்’ 2003 முதல் நடக்கிறது. குறைந்தது 1,000 சொற்கள். கதைகள் டிசம்பர் 25 அன்றும் எழுதியவர்களின் பெயர்கள் ஜனவரி 1 அன்றும் வெளியாகும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ போன்ற பெருங்கூட்டம் உள்ளவற்றுக்கு அங்கே இடமில்லை.

பரிசுப் பரிமாற்றத்தில் சேர்ந்துவிட்டு எழுத முடியாமல் போவது யாருக்கும் நேரக்கூடியது. கெடு நாளுக்கு முன்பே நடத்துநருக்குச் சொல்லிவிட்டால் வேறொருவர் அந்தக் கதையை எழுத முன்வருவார். அவரை பின்ச் ஹிட்டர் என்பார்கள். சொல்லாமல் மறைந்துபோனால் ஒருவர் பரிசில்லாமல் நிற்பார். அடுத்த ஆண்டு உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கத் தயங்குவார்கள்.

பத்தாம் படி: பணமும் அனுமதியும்

டோல்கீன் 1973-ல் இறந்ததால் பிரிட்டனில் அவருடைய எழுத்துகளுக்குப் பதிப்புரிமை 2043 முடிய நீடிக்கும். ரசிகர் புனைவை வணிகமாக்குவதைத் தாங்கள் ஒருபோதும் அங்கீகரிப்பதில்லை என்று அவருடைய குடும்ப அறக்கட்டளை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. தம் தொடர்ச்சி நாவலை அச்சிட்டு விற்ற ஓர் அமெரிக்கர், தொலைக்காட்சித் தொடர் தம்மைத்தான் நகலெடுத்தது என்று அறக்கட்டளை மீதே வழக்குத் தொடுத்தார். 2023-ல் அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. தொடர்ந்து அறக்கட்டளை தொடுத்த வழக்கில் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படியும், அவர் தொடுத்த வழக்குக்கான வழக்கறிஞர் செலவாக 1,34,000 டாலர் செலுத்தும்படியும் அவருக்கு உத்தரவாயிற்று. ஆகவே விற்காதீர்கள், நன்கொடை கேட்காதீர்கள். களஞ்சியமும் பணம் கேட்கும் இணைப்புகளை அனுமதிப்பதில்லை.

சக ரசிகரின் கதையும் அவருடைய உழைப்புதான். மொழிபெயர்ப்பதற்கும் குரல் பதிவு செய்வதற்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சிலர் தம் அறிமுகப் பக்கத்திலேயே பொது அனுமதி எழுதிவைத்திருப்பார்கள். அனுமதி கிடைத்த மொழிபெயர்ப்பை மூலக் கதையோடு இணைத்துக் காட்டும் வசதி களஞ்சியத்தில் இருக்கிறது. பதில் வரவில்லையென்றால் அனுமதி இல்லை என்றே கொள்ள வேண்டும்.

கதை வெளியான பிறகு

முதல் வாரத்தில் எதுவும் நடக்காமல் போகலாம். போரோமிரைப் பற்றிக் காதல் கலக்காத ஒரு குறுங்கதைக்கு நான்கைந்து குடோஸ் வந்தால் அதுவே நல்ல வரவேற்பு. எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அடுத்த இடைவெளியைத் தேடத் தொடங்கிவிடுங்கள். வரும் கருத்துரைகளுக்கு ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். வெறும் வசைக்குப் பதில் எழுதாமல் நீக்கிவிடலாம். பெயரிலிக் கருத்துரைகளைத் தடுக்கவும் வழியிருக்கிறது. என்றாவது இந்த எழுத்தோடு உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றினால், கதையை அழிக்காமல் அதிலிருந்து பெயரை மட்டும் எடுத்துவிடும் ‘ஆர்ஃபன்’ வசதியைப் பயன்படுத்துங்கள். பின்னாளில் தேடி வருகிற வாசகருக்குக் கதை அங்கேயே இருக்கும்.

என் கதைக்கு முதல் பதினொரு நாள்கள் யாரும் எதுவும் எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்த கருத்துரை, குதிரை தனியே வடக்கிலிருந்து திரும்பும் பகுதியை இரண்டு முறை படித்ததாகத் தொடங்கியது. கடைசி வரியில், ஒரு சிறு சந்தேகம் கேட்கலாமா, ஷையர் மாதங்களுக்கு முப்பது நாள்தானே என்று பணிவாகக் கேட்டது. அன்றிரவே நாள் எண்களை எல்லாம் மாற்றி, 112-ஐ 110 ஆக்கி, குறிப்பில் அவருடைய புனைபெயரைச் சேர்த்தேன். அடுத்த கதைக்கு அவரே பீட்டா பார்த்தார்.